உலை அறையில் நான்கு தட்டங்கள்

வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணி இருபது நிமிடம். செத்தல் மிளகாய் கருகத் தொடங்கியதும் மேல்வீட்டார் வர எவ்வளவு நேரம் இருக்கு என்று மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

புலம்பெயர்ந்து வந்து, செயின்ட்-மிஷேலில் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். தூள் வறுக்கிற மணத்தைப் பற்றி மேல்வீட்டார் ஏற்கெனவே முறைப்பாடு செய்திருந்தார்கள். இன்னொரு முறை நடந்தால் வீட்டைவிட்டு எழும்பவேண்டிவரும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். கொழும்பில் கலவரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு வீட்டைவிட்டு ஓடியவள் நான். வாசல் கதவின் கீழ் ஈரத் துவாயை அடைத்தேன். ஜன்னல்களில் குளிருக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. மிச்சம், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான, வீட்டைச் சூடாக்கும் உலை இருந்த அறையின் கதவு. புகை உலைக்குழாயால் கூரைக்கு மேலே போய்விடும் என்று நினைத்து அதைத் திறந்தேன். அந்த வாசலிலேயே வைத்துத் தூளையும் அரைத்தேன்.

உள்ளே பக்கத்து வீட்டு ரஷ்யப் பெண்ணின் நான்கு தட்டங்கள், கடைசி வார்னிஷ் பூசி, காய்ந்துகொண்டிருந்தன. அது எனக்குத் தெரியும். அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அவருக்கும் என் வயதுதான். பகலில் தையல் தொழிற்சாலை. பின்னேரங்களில் கறுப்பு இரும்புத் தட்டத்தை முழங்காலில் வைத்துப் பூ வரைவார். தூரிகையை அதிகம் அசைக்கமாட்டார், தட்டத்தைத்தான் திருப்புவார். முதலில் மங்கலாகப் பூவின் உருவம். அது காய ஒருநாள். பிறகு நிழல், நிறம், கடைசியாக இதழ்களின் வெளிச்சம். ஒரு கைவினைச் சங்கத்திலிருந்து சனிக்கிழமை ஒருவர் இந்தத் தட்டங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் அவர்களுடைய கட்டடத்தில் ஓர் அறை, ஆட்கள் பார்க்கப் பார்க்க வரைய. இரண்டு தடவை மறுத்திருந்தார்கள். மூன்றாவதும் இல்லையென்றால் இனிக் கேட்கமாட்டேன் என்றிருந்தார்.

என் பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்திருந்தார் அவர். அன்று வேலையால் வந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கறுப்பில் ஒட்டியிருந்த சிவப்புத் துகளைக் காட்டினார்.

"அம்மா, என்ன இது?"

மிளகாய் என்றேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இருமினார். ஏசவில்லை.

"இனி அவவின்ரை பூவும் உறைக்கும்," என்றார் என் கணவர், நிலைமையை லேசாக்க. ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே ரஷ்யப் பெண் ஈர உப்புத்தாளால் வார்னிஷைத் தேய்த்தார். அதோடு இதழ்களின் வெளிச்சமும் போனது. நான் விளக்குப் பிடிக்க, அவற்றைத் திரும்பத் தீட்டினார். காய ஒருநாள் வேண்டும். வார்னிஷும் சனிக்கிழமைக்குள் காயவேண்டும், அதனால் அந்த ஒருநாள் இல்லை. வெள்ளி விடியவே, ஈரத்தின்மேல் வார்னிஷ் பூசினார்.

சனிக்கிழமை தொலைபேசி வந்தது. பனி கூடிப்போச்சு, செவ்வாய்தான் வரலாம் என்றார்கள். அதற்குள் வார்னிஷ் சுருங்கியிருந்தது. இன்னொரு தரம் தேய்த்தால் பூவே மிஞ்சாது என்று தட்டங்களை அப்படியே விட்டார்.

செவ்வாய் சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கையுறையைக் கழற்றித் தட்டத்தின்மேல் விரலை ஓட்டினார். பிழை என்னுடையது, மிளகாய்த்தூள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிற நல்ல அயலவள் என்பதுபோல வந்தவர் புன்னகைத்தார். ஆங்கிலம் சரியாக விளங்காத ரஷ்யப் பெண் எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூ நன்றாகத்தான் வரைகிறார்," என்றார் வந்தவர், என்னைப் பார்த்து. "ஆனால் வார்னிஷ் பூசத் தெரியாதவருக்கு எப்படி அறை கொடுப்பது? நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள்."