மணிக்கூட்டைக் கழற்றச் சொன்ன மிசி

போன வெள்ளிக்கிழமை செங்கலடிச் சந்தையில் கருவாடு வாங்க நின்றபோதுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. கதிரவெளியிலிருந்து வந்த வண்டிக்காரர் யாரோ ஒருவரிடம், “எங்கட மிசி மோசம் போயிட்டா. நாலு நாள் காய்ச்சல்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மிசி என்று கேட்டேன். திரேசம்மா மிசி என்றார். அடக்கம் முடிந்து ஒரு கிழமை ஆகிவிட்டதாம். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்துத் தாய்மார் பலருக்குத் திரேசம்மாவைத் தெரியும். கதிரவெளிக்குப் போகுமுன் மூன்று வருடம் செங்கலடிப் பகுதியில் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தவர். ஊரார் அவரை மிசி என்றே அழைத்தார்கள். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக வீடு வீடாக நடந்து வருவார். எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்தார். அவரால் எனக்குக் கிடைத்தது வேறொன்று. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மூத்தவள் யோகம் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்ததும் அம்மா வெல்லாவெளிக்குத் திரும்பிவிட்டார். அங்கே வயல் வட்டையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கியிருந்தது. நானும் கணவரும் குழந்தையும் மட்டுந்தான் வீட்டில். அந்தக் கிழமை திரேசம்மா மேலிடத்திலிருந்து வந்த ஓர் அச்சடித்த தாளோடு வந்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்க வேண்டும், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கொடுக்கவே கூடாது, அழுதால் விட்டுவிட வேண்டும், அப்படிப் பழக்கினால் குழந்தை இரவு முழுக்க உறங்கும் என்று அதில் போட்டிருந்தது. என் கணவர் தபால்கந்தோர் கிளாக்கர். நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது. அந்தத் தாளை மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஆறு கிழமை நாங்கள் அதன்படி நடந்தோம். யோகம் அழுவாள், எனக்குப் பால் கசிந்து சட்டை நனையும், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நேரம் வந்து எடுத்தால் இரண்டு மிடறு குடித்துவிட்டு உறங்கிப்போவாள். கிடத்தினால் அரை மணிக்குள் மறுபடி அழுகை. இரவும் அப்படித்தான், பகலும் அப்படித்தான். மூவரில் ஒருவருக்கும் உறக்கமில்லை. ஒருநாள் கணவர் குழந்தையை உறங்கவைக்கும் மருந்தென்று ஒரு போத்தலை வாங்கி வந்தார். அதைக் கொடுக்கப் பயந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். ஆனால் இரண்டு தடவை மூடியைத் திறந்தும் பார்த்தேன். அதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் தடவை திறந்த மறுநாள் காலை திரேசம்மா தராசோடு வந்தார். குழந்தையை நிறுத்தார். முள்ளைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்தார். போன மாதத்தைவிடக் குறைவு. குடையை மூலையில் சாத்திவிட்டு, அன்றைய மற்ற வீடுகளுக்கு வரவில்லை என்று ஆளனுப்பினார். பின்னேரம் வரைக்கும் என் பக்கத்திலேயே பாயில் இருந்து, குழந்தை எப்போது முனகுகிறது, எப்போது கையை வாய்க்குக் கொண்டுபோகிறது, குடிக்கும்போது எத்தனை தரம் விழுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பு சொன்னார்: “தங்கச்சி, பிள்ள அழுது அழுது களைச்சுப் போகுது. பால் கிடைக்கிற நேரத்தில குடிக்கச் சத்தில்ல. அரை வயித்தோட உறங்குது, பசியில எழும்புது. நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

மூலையில் சாத்தியிருந்த குடையைப் பார்த்துக்கொண்டுதான் கடைசி வார்த்தைகளைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அழத் தொடங்குமுன் கொடுக்கச் சொன்னார். வாயைச் சப்பும்போதே எடுக்கவேண்டும், பாதி குடித்து உறங்கினால் உள்ளங்காலை மெல்லத் தடவி எழுப்பி மிச்சத்தையும் குடிக்கவைக்கவேண்டும் என்று செய்து காட்டினார். பகலில் வயிறு நிறைந்தால் இரவில் இடைவெளி தானாக நீளும் என்றார். கணவர் கந்தோரால் வந்ததும், “ஐயா, கொஞ்ச நாளைக்கு இந்த மணிக்கூட்டக் கழட்டி வையுங்க” என்றார். கணவர் கதிரையில் ஏறிக் கழற்றினார். போத்தலை நான் எடுத்து மிசியிடம் கொடுத்தேன். அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார், என்னைத் திட்டவில்லை.

ஐந்தாம் நாள் யோகம் நாலு மணித்தியாலம் ஒரே உறக்கமாக உறங்கினாள். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

அதன்பிறகு திரேசம்மா செய்த காரியம் சிலருக்கு நினைவிருக்கும். அந்தத் தாளைக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்ப நடந்து போய், தான் சொன்னது பிழை என்று சொன்னார். ஏறாவூரில் நெசவுக்காரர் வீட்டு ஆசியா உம்மாவிடம் போனபோது அவருடைய பிள்ளை கொழுகொழுவென்று உறங்கிக்கொண்டிருந்ததாம். “நீங்க சொன்ன நேரத்த நான் பாக்கவே இல்ல மிசி. எங்கட ஊட்டுல மணிக்கூடு ஏது?” என்றாராம் உம்மா. இதை என்னிடம் சொல்லி மிசி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மேலிடத்துக்கு விஷயம் போனது. அச்சடித்த தாளைப் பிழை என்று சொல்ல மருத்துவிச்சிக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். மன்னிப்பு எழுதித் தந்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்களாம். அவர் எழுதவில்லை. கதிரவெளிக்கு மாற்றினார்கள். நான் ஆத்திரப்பட்டபோது, “அங்கயும் பிள்ளையள் பிறக்குதுதானே” என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து கடிதம் எழுதுவார். ஒவ்வொன்றிலும் யோகத்தின் உறக்கத்தைப் பற்றி ஒரு வரி விசாரிப்பார். ஒருமுறை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும்படி கேட்டிருந்தார். வெட்டு முடியட்டும், மழை விடட்டும், வழியில் ஆற்றுத்துறையில் தண்ணீர் வற்றட்டும் என்று நான் நாளைக் கடத்தினேன். ஏழு வருடம் போய்விட்டது. யோகம் இப்போது மூன்றாம் வகுப்பு. தன்னைப் பசியாற்றியவரின் முகம் அவளுக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரு பகல்பொழுது இருக்கிறது. மாற்றலாகிப் போகிற நாள், தகரப்பெட்டியோடு விடைபெற வந்தார். முந்தின இரவு முழுக்க ஒரு பிரசவத்தில் நின்றிருக்கிறார்; முகம் வாடியிருந்தது. யோகம் அப்போதுதான் குடித்து உறங்கியிருந்தாள். “கொஞ்சம் தாங்க” என்று கேட்டு வாங்கி, சாய்மனைக் கதிரையில் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு இருந்தார். நான் தேத்தண்ணியோடு வந்து பார்த்தால் இருவரும் நல்ல உறக்கம். சந்தியில் அவர் போகவிருந்த பஸ் கோர்ன் அடித்தது கேட்டது. நான் எழுப்பவில்லை. பஸ் போய்விட்டது. தேத்தண்ணி ஆறிப்போனது. பொழுது சாயும்வரை வாசலில் இருந்து, கோழி ஒன்றுகூட உள்ளே வந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன்.