த்ரெட் பொருந்தினால் போதுமா?

"த்ரெட் பொருந்திச்சின்னா வால்வு பொருந்திச்சு சார்!"

இந்தத் தத்துவத்தைப் போன வாரம் கும்மிடிப்பூண்டியில் கேட்டேன். சொன்னவர் மெக்கானிக் கோவிந்து. இருபது வருஷ சர்வீஸாம். யாருக்குச் சர்வீஸோ!

விஷயம் இதுதான். என் நண்பர் தயாளன் பழவேற்காட்டுக்காரர். இறால் ஏற்றுவதற்கென்றே ஒரு குளிர்சாதன லாரி வைத்திருக்கிறார். ஏலத்தில் எடுத்த பழைய வெளிநாட்டு வண்டி. அதன் கூலிங் மெஷினில் ஒரு வால்வு போய்விட்டது. ஒரு லோடு நாறிப்போச்சு. திங்கட்கிழமை லோடும் கெட்டால் வேறு லாரி வைத்துக்கொள்வோம் என்று ஏற்றுமதிக் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. மனிதருக்கு அந்த ஒரு லாரிதான் பிழைப்பு. சோறு இறங்கவில்லை அவருக்கு.

நம்மவர்கள் வழக்கம் தெரியுமே? கெட்டுப்போன சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறுவது. கடைக்காரரிடம் நீட்டி, "இதே மாதிரி கொடுங்க" என்பது. அவரும் கண்ணை இடுக்கிப் பார்த்து, இதே மாதிரி ஒன்றைக் கொடுப்பார்.

அப்படித்தான் வந்தது முதல் வால்வு. மாட்டினார்கள். த்ரெட், அதாவது திருகு மரை, கச்சிதமாகப் பொருந்தியது. வெளியே குழாய் மேல் பனி படிந்தது... பெட்டிக்குள்ளே புழுங்கியது! இரண்டாவது, ஏதோ சினிமாக் கொட்டகை ஏ.ஸி.யுடையதாம். அதற்கும் த்ரெட் பொருந்தியது. கூலிங்? மூச்!

"இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு? இன்னும் கொஞ்சம் கேஸ் அடிச்சா அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றார் கோவிந்து.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மட்டும் பத்துப் பொருத்தம். மெஷினுக்கு ஒரு பொருத்தம் போதுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷின்ல நம்பர் தகடு இருக்குமே, அதைப் பார்த்தீங்களா?"

"தகடா? இன்னா தகடு?"

தேடினோம். இருந்தது — குங்குமத்துக்கு அடியில், சந்தனத்துக்கு அடியில், பச்சை பெயிண்டுக்கு அடியில்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடித்து, சரியாக அந்தத் தகட்டின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் அங்கே? சதுரமாக, நெற்றி மாதிரி தோதாக இருக்கிறதாம்!

மண்ணெண்ணெயும் பிளேடுமாகத் தயாளன் சுரண்டினார். மாடல் நம்பர், எந்த கேஸ், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எழுதிக்கொண்டு அதே கடைக்கு ஓடினோம். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டி, இரண்டே நிமிஷத்தில் வால்வை எடுத்து வைத்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?"

முதலிலேயே கேட்பதற்கென்ன ஐயா!

திங்கட்கிழமை காலை தயாளன் லாரிப் பெட்டிக்குள் ஏறி நின்றார். "குளுருதுண்ணே!" என்றவருக்கு அழுகையே வந்துவிட்டது.

லோடு கிளம்பும் நேரம். "நீங்களே ஒரு பொட்டு வெச்சி அனுப்புங்கண்ணே" என்று பெரியபாளையத்தம்மன் குங்குமத்தை நீட்டினார். பெருமை பிடிபடவில்லை எனக்கு. சந்தனத்தைக் குழைத்து நிறையத் தடவி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால்... கோவிந்து சிரிக்கிறார்.

எங்கே வைத்திருப்பேன்? அந்தச் சதுரத்தில்தான்!