பத்து வீட்டுக்காரி பரஸ்கீவா

வலேனி கிராமத்தில் வீடுகளுக்குக் குறைவே இல்லை. மாடிமேல் மாடி, பளபளக்கும் தகரக் கூரை, வீட்டுக்கு இரண்டு குளியலறை. இல்லாதது மனிதர்கள்தான். பக்கத்து நகரத்து நெசவாலையை மூடிய பிறகு பெண்கள் ஒவ்வொருவராக இத்தாலிக்குப் போனார்கள். அங்கே முடியாத கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, சோறூட்டிச் சம்பாதித்ததையெல்லாம் இங்கே செங்கல்லும் சிமெண்டுமாக ஆக்கினார்கள்.

ஆளில்லாத வீட்டுக்குக் குளிர்காலம்தான் எமன். சுவரில் பூஞ்சை பிடிக்கும், குழாய் வெடிக்கும். அதனால் பரஸ்கீவாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. அதே ஆலையில் தறி ஓட்டியவள், இப்போது பத்து வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முறை வைத்துக் கணப்படுப்பு மூட்டுகிறாள். வேலையைவிட அவளுக்கு வேடிக்கைதான் பெரிது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து பார்ப்பாள். அலமாரிகளைத் திறந்து பார்ப்பாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு இத்தனை தலையணை என்று யோசிப்பாள்.

அவளுடைய ஒரே மகள் மிரேலாவும் இத்தாலியில், பதோவா நகரத்தில்தான் இருக்கிறாள். இந்த ஜனவரியில் ஒரு நாள் காலையிலேயே போனில் கூப்பிட்டுப் பிடிவாதமாக நின்றாள்.

"அம்மா, இங்க எனக்குப் பக்கத்துத் தெருவுலயே ஒரு கிழவியைப் பாத்துக்க ஆள் வேணுமாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும். அங்க தனியா உக்காந்து என்னத்தக் கண்ட?"

பரஸ்கீவாவுக்குப் போகவும் ஆசை, ஊரை விடவும் மனமில்லை. மகள் முகத்தை நேரில் பார்த்து வருஷங்களாகிவிட்டன.

"சாமி வந்து நம்ம வீட்டுக்குத் தண்ணி தெளிக்கட்டும். அப்புறம் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் திருமுழுக்குத் திருநாள். வருஷா வருஷம் அதற்கு முந்தின நாள் பாதிரியார் தியோதோர் சிலுவையும் பச்சிலைக் கொத்துமாகப் புனித நீர் தெளிக்க வீடு வீடாக வருவார். புகை வரும் வீட்டுக்குள் நுழைவார், வராத வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். பூட்டிய கேட்டை எத்தனை தடவைதான் தட்டுவார், பாவம். இது தெரிந்த இத்தாலிக்காரிகள் காலையிலிருந்தே போன்மேல் போன்.

"அக்கா, என் வீட்டுல மறக்காம மூட்டிடுங்க. நீங்களே நின்னு எனக்காகச் சிலுவைக்கு முத்தம் குடுத்துடுங்க!"

பத்து வீட்டிலும் மூட்டினாள். பாதிரியார் தெருவைச் சுற்றி வருவதற்குள் இவள் சந்து வழியாகப் பனியில் ஓடி, பின்வாசலில் நுழைந்து, மூச்சு வாங்க முன்கதவைத் திறந்தாள். ஐந்தாவது வீட்டில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மறுபடியும் நீதானா? தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. காய்ச்சல்ல விழப்போற பாரு."

"தெளிங்க சாமி. இது இந்த வீட்டுக்கார மரியானாவோட பங்கு."

கடைசி வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் தெருவுக்கு வந்தாள். பாதிரியாரின் காலடித் தடம் பனியில் அவள் கேட்டருகே வந்து, நிற்காமல் நேரே போயிருந்தது. ஊருக்கெல்லாம் மூட்டியவள் தன் அடுப்பில் ஒரு சுள்ளிகூட வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மிரேலா கூப்பிட்டாள். "சாமி வந்தாச்சா? சரின்னு சொல்லிடட்டுமா?"

"இருடி. அங்க வந்தா நான் எங்க படுப்பேன்?"

"கிழவி அறையிலயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுத் தருவாங்க. ராத்திரி எழுந்தா பிடிச்சுக்கணும்ல. நானும் அப்படித்தானே படுக்கறேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா. ஏம்மா?"

ஊரில் எந்த வீட்டு அலமாரியில் எத்தனை போர்வை இருக்கிறது என்று தெரிந்தவள், மகள் எதில் படுக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் வரலடி. போனை வெச்சுடாத, அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்து மார்பில் மோத மோத அந்தத் தடத்தின் பின்னால் ஓடினாள்.

"சாமி! திரும்பி வாங்க!"

பாதிரியார் நின்றார். "உன் வீட்டுல புகையே இல்லையே. உனக்குத்தான் பத்துத் தடவை தெளிச்சாச்சேம்மா!"

"அதெல்லாம் அவங்க பங்கு சாமி. புகை இப்ப வந்துடும். இந்த வீட்டுல ஆள் இருக்கு. என் பொண்ணு வந்தா படுக்க ஒரு கட்டிலும் இருக்கு."

கையிலிருந்த போனில் மிரேலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைக்கவில்லை.