முகமூடியைத் தூக்கிய கை

சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கலுக்கு முதல் நாள் நடந்தது இது. இடம், சுவிற்சர்லாந்தில் அப்பன்செல் மலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

நான் பக்கத்து நகரமான சென்காலனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். அங்கே பாண் வண்டி ஓட்டுபவர் அந்தக் கிராமத்துக்காரர். அவர்களுக்குப் பழைய கணக்குப்படி வருடத்தின் கடைசி நாள் ஜனவரி பதின்மூன்றில்தான் வரும். அன்று ஆண்கள் வேஷம் கட்டி, உடம்பில் மணிகளை மாட்டிக்கொண்டு, பனிக்குள் வீடு வீடாகப் போய்ப் பாடிப் புதுவருட வாழ்த்துச் சொல்வார்கள். அதைப் பார்க்க வரச்சொல்லி எங்களைக் கூப்பிட்டார். எனக்குத் துளியும் விருப்பமில்லை. லீவு நாளில் குளிருக்குள் நின்று யாரோ பாடுவதைக் கேட்க எனக்கென்ன விசரா? மனைவி விடவில்லை.

"இவ்வளவு வருசமா இந்த நாட்டில இருக்கிறம், ஒரு மனுசன் மனசு வைச்சுக் கூப்பிட்டிருக்கு. மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்காமல் சப்பாத்தைக் கொழுவுங்கோ."

பொங்கலுக்குச் சுட்ட பயத்தம் பணியாரத்தில் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டாள்.

அவர் வீட்டு அறையில் பழைய வேஷத் தொப்பிகள் மாட்டியிருந்தன. தொப்பி என்று சொல்லக்கூடாது, தலையில் சுமக்கும் ஒரு ஊர் அது. மரத்தில் செதுக்கிய மாடு, பால் கறக்கும் ஆள், நகத்தளவு யன்னல் வைத்த வீடு. எல்லாம் மகள் செதுக்கியது, போட்டுக்கொண்டு போவது மகன் என்றார். மகள் போகமாட்டாளா என்று மனைவி கேட்டாள். அவர் சிரித்தார். அது ஆண்களின் வேலையாம். பெண் வேஷத்தைக்கூட ஆண்தான் போடவேண்டுமாம். தன் தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

"எங்கட கூத்து மாதிரித்தான்" என்று மனைவி என் காதில் சொன்னாள். மகள் வேலைக்குப் போயிருப்பதாக அவர் சொன்னார்.

மத்தியானம் போல மணிச்சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக ஆறேழு பேர் முற்றத்துக்கு வந்தார்கள். முகத்தில் பொம்மை மாதிரி வழவழப்பான முகமூடி, வாயில் ஒரு சின்ன ஓட்டை. வட்டமாக நின்று பாடினார்கள். சொல்லே இல்லாத பாட்டு. எங்கேயோ வயிற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக நின்ற பெண் வேஷத்தின் தோளில் அவர் தட்டிக்கொடுத்து, "என் மகன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவருக்கும் உறிஞ்சுகுழாய் போட்டு வைன் கொடுத்தார். அந்த ஓட்டைக்குள்ளால் அப்படித்தான் குடிப்பார்கள்.

நான் பணியாரப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். மற்றவர்கள் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். அந்த மகன் மட்டும் கையை ஆட்டினான். வேண்டாமாம்.

எங்கள் ஆட்கள் வேண்டாம் என்றால் நாங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. திரும்பத் திரும்ப நீட்டுவோம், ஊட்டியும் விடுவோம். அதனால் மறுபடி நீட்டினேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். எனக்குச் சுருக்கென்று ஏறியது. எங்கள் கட்டடத்தில் நாங்கள் கறி வைத்தால் கீழ்வீட்டுக்காரி படிக்கட்டு யன்னலைத் திறந்துவிடுவாள். பேக்கரியில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டால் ஒருவன் மூக்கைப் பிடிப்பான். அந்தக் கோபமெல்லாம் அந்த முற்றத்தில் வந்து நின்றது. எங்கள் கை பட்டது உனக்கு அருவருப்போ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, "ஒன்று சாப்பிட்டால் செத்துப்போக மாட்டாய்" என்று ஜெர்மனில் சொல்லி, ஒரு கையில் பணியாரத்தோடு மறு கையால் முகமூடியை நாடியில் பிடித்துத் தூக்கினேன்.

நாடா அறுந்தது. முகமூடி என் கையோடு வந்துவிட்டது.

உள்ளே இருந்தது ஒரு பெண் பிள்ளை. வேர்த்து, முடி நெற்றியில் ஒட்டி, கன்னம் சிவந்து. தகப்பன் போத்தலோடு அப்படியே நின்றார். வேலியோரம் அயலவர்கள் நின்றார்கள். 

"அண்ணன் எங்கே?" என்று மட்டும் மகளைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில் டியூட்டி. விடவில்லை."

"போதும்" என்றார். அவரே குனிந்து அவள் உடம்பிலிருந்த மணிகளைக் கழற்றினார். அவள் தடுக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள். என் கையிலிருந்த பணியாரத்தை எடுத்தாள்.

"இப்போது சாப்பிடலாம்" என்றாள். நின்று முழுதாக மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குள் போனாள். மற்றவர்கள் ஒரு ஆள் குறைந்த வரிசையாகச் சரிவில் இறங்கிப் போனார்கள்.

அவளுடைய தாய் பிறகு குசினியில் வைத்து மனைவியிடம் சொன்னாராம். அண்ணன் வர முடியாது என்றதும் அவள்தான் கேட்டிருக்கிறாள், கூடப் போகிறவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து நடந்திருக்கிறாள். தகப்பன் வீட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். பெண் வேஷத்தில் பை இல்லை, பணியாரத்தை வாங்கினால் முகமூடியைத் தூக்கவேண்டி வரும் என்றுதான் வேண்டாம் என்றிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுவாம்.

 காரில் மனைவி வெடித்தாள்.

"அந்தப் பிள்ளை எத்தினை தரம் வேண்டாம் எண்டு கையைக் காட்டினது? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் உங்கட பிரச்சினைதான். அவளுக்கும் ஒரு பிரச்சினை இருக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?"

 

அடுத்த கிழமை பேக்கரியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்குத் தெரியாதுதானே" என்று சொல்லிவிட்டுப் பாண் தட்டுகளை ஏற்றினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பொறுக்காமல், "மகன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தாயே, அவள் பாடியது பிழையாகவா இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் வண்டிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. அவள் மறுபடி போனாளா என்று கேட்க எனக்கு முகமில்லை.

இப்போது யாராவது வேண்டாம் என்றால் தட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆனால் அது பெரிய திருத்தம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் என் முகத்தைப் பார்த்தே என்னை எடைபோடுகிறார்கள் என்று நான் எத்தனையோ இடத்தில் கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் முகத்தை மறைத்துக்கொண்டு ஆசை தீர நடக்க நினைத்த ஒரு பிள்ளையை, அவளுடைய சொந்த வீட்டு முற்றத்தில் காட்டிக்கொடுத்தது என் கை.