அப்பாவின் நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கு

மைசூர் மைன்ஸ் பக்கம், தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் இருமலை யாரும் நோயாகக் கணக்கில் வைப்பதில்லை. சுரங்கத்துக்குள் இறங்கியவர் என்றால் இருமுவார், அவ்வளவுதான். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி போகாது. அப்பா இருமத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். அதனால் போன வருடம் அவர் இளைக்க ஆரம்பித்தபோதும், சளியில் சிவப்பு தெரிந்தபோதும், தூசி என்றே வீட்டில் பேசிக்கொண்டோம். நானும்தான்.

டிபி பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பழைய தூசித் தழும்புகள் இருந்தன. வலப்பக்கம் மேலே மட்டும் ஒரு நிழல் தனியாகத் திரண்டு நின்றது. பெங்களூரில் காட்டச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். டாக்டரிடம் பேசுவது என் பொறுப்பு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஸ்கேன் எடுத்த பிறகு கேள்விகளை ஆங்கிலத்தில் அடுக்கினேன். ரத்தப் பரிசோதனையில் தெரியாதா? இதை உறுதிசெய்கிற ரத்தப் பரிசோதனை இல்லை என்றார் டாக்டர். ஸ்கேனிலேயே தெரியவில்லையா? எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று தெரிகிறது; ஆனால் தூசித் தழும்பும் சில சமயம் இப்படித் திரளும்; ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

அப்பா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வெளியே போனதும், படித்தவள் கேட்கலாமா என்று அடக்கி வைத்திருந்ததை நான் கேட்டேன். ஊசி குத்தினால் பரவிவிடுமா? டாக்டர் சிரிக்கவில்லை. அது மிக மிக அரிது, பலர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், பழி ஊசிமேல் விழுகிறது என்றார். நுரையீரலில் காற்று கசிய வாய்ப்பு உண்டு, அதற்காகச் சில மணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

ரயில் பங்காரப்பேட்டை தாண்டியது. "ஊசி வேணாம்மா" என்றார் அப்பா. எதிர் வீட்டுக்காரர் கதையைச் சொன்னார். "பொங்கலுக்குக் குத்துனாங்க. உகாதிக்கு ஆள் இல்ல."

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன், காற்றுக் கசிவு உட்பட. அதை மட்டும் பிடித்துக்கொண்டார் அப்பா. "நீ படிச்சது சரி. குத்து எனக்குத்தான விழுது?" டாக்டரை நம்பினேன். ஆனாலும் எதிர் வீட்டுப் பூட்டிய கதவு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் கட்டாயப்படுத்தி, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன், மைன்ஸ்ல பாறைய மொறைச்சிப் பாத்தே தங்கம் இருக்குதுன்னு சொல்லிட்டீங்களா? துண்டு ஒடச்சி லேபுக்கு அனுப்பலயா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. இருமி ஓய்ந்ததும் சொன்னார். "அங்க இருக்கணும்னு அனுப்புனோம்டி. இத இல்லாம இருக்கணும்னு அனுப்பணும்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணச் சொன்னார்.

ஊசி நல்லபடியாக முடிந்தது. காற்று கசியவில்லை. அதன் பிறகுதான் உண்மையான பயம் என்னைப் பிடித்தது. இணையத்தில் தேடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு, ரயிலில் நின்றபடி தேடிக்கொண்டே போனேன். அப்பா தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் திறந்தால் துணி மடிப்பதுபோல் நடித்தேன்.

முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவை உட்காரவைத்து, கன்னடத்தில் நிதானமாக அவரிடமே சொன்னார். சுரங்கத்தில் கன்னடமும் தெலுங்கும் பேசி வேலை செய்தவர் அப்பா. அவர் கன்னடம் என்னுடையதைவிட நல்ல கன்னடம். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமா சொல்றாரு?"

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"புத்துநோய்தாம்பா."

அப்பா தலையை ஆட்டினார். "எங்க வரிக்கும் போயிருக்குதுன்னு கேளு" என்றார்.

கேட்டேன். அதற்கு இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதையும் நான் தமிழில் சொல்லிக் கேட்க அப்பா காத்திருந்தார்.