யாருடைய ‘நான்’

எந்த நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லப்போவதில்லை. கிள்ளான் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை யார் படிப்பார்கள், படித்துவிட்டு யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்று எனக்கென்ன தெரியும்?

என் வேலை மொழிபெயர்ப்பு. தமிழில் சாட்சி சொல்பவர்கள் பேசுவதை மலாயில் சொல்வேன். சாட்சி ‘நான் பார்த்தேன்’ என்றால் ‘அவர் பார்த்தாராம்’ என்று மாற்றக்கூடாது. ‘நான் பார்த்தேன்’ என்றே சொல்ல வேண்டும். அந்த வகையில் நான் திருடியிருக்கிறேன், மாமியாரை அடித்திருக்கிறேன், பக்கத்து ஊரான மேருவில் நின்ற லோரியிலிருந்து டீசல் உறிஞ்சியிருக்கிறேன். என் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால்தான் ‘நான்’ கிடையாது. ‘சாட்சி சொன்னது மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை’ என்று மூன்றாம் ஆளைப் போலச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் சந்தேகமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். எவராவது ‘சத்தியமா’ என்று ஆரம்பித்தாலே எனக்குக் காது நிமிர்ந்துவிடும். அதனால், பல வருடமாகத் தீபாவளி வாழ்த்துகூட அனுப்பாத பள்ளித் தோழர் ஒருநாள் திடீரென்று கூப்பிட்டபோது, இன்ஷூரன்ஸ் விற்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்னக் கூட்டம். வன்னியிலேர்ந்து வந்த பொண்ணு ஒண்ணு போரைப் பத்திப் பேசுது. மலாய் ஸ்டூடன்ஸ், ரிப்போர்ட்டர் எல்லாம் வராங்க. நீ மலாய்ல சொல்லிடேன்.”

“ஏன், வேற ஆள் கிடைக்கலையா?”

“கிடைச்சாங்க. எல்லாரும் பயப்படறாங்க லா.”

இன்ஷூரன்ஸ் விற்க வந்திருந்தாலே தேவலை என்று இருந்தது. இலங்கைப் போரைப் பற்றி வாயைத் திறந்தால் எங்கோ ஒரு பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்ற பயம் யாழ்ப்பாண வழியில் வந்த எங்கள் வீடுகளில் எப்போதும் உண்டு. அரசாங்க வேலையில் இருப்பவர் மேலிடத்தைக் கேட்காமல் பொதுவில் பேசவும் கூடாது. எனக்கோ அந்தப் போரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. அதை வெளியில் சொன்னதே இல்லை.

கணவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். “பென்ஷன் வேணாமா உனக்கு?”

“நான் ஒண்ணும் பேசப் போறதில்லை. இன்டர்பிரட் பண்றேன், அவ்வளவுதான்.”

“அதை அவனுங்க நம்பணுமே.”

கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறியதிலிருந்தே என்னை யாரோ கவனிப்பதுபோல் இருந்தது. மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், ஒட்ட வெட்டிய தலை, காலில் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் அப்படிச் சப்பாத்து போடுகிறவர் யார்? போலீஸ்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அவர் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கியதும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

அந்தப் பெண் மெலிந்தவர். அகதி அட்டைக்கான நேர்காணலுக்குக் காத்திருந்தார். பாதுகாப்பு வலயம் என்று சொல்லி ராணுவம் எல்லோரையும் போகச்சொன்ன கடற்கரைப் பக்கத்தில், கடைசிவரை தான் இருந்ததாகச் சொன்னார். பதுங்குகுழியில் ஈரச் சாக்கைத் தலைமேல் பிடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். நான் மலாயில், ‘நான் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்’ என்றேன். பழகிய வேலை. குரல்கூட நடுங்கவில்லை.

கேள்வி நேரத்தில் சப்பாத்துக்காரர் எழுந்தார். செய்தித் தளம் ஒன்றிலிருந்து வருவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

“பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தாரா, இல்லை யாராவது சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாரா?”

அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சாட்சி மௌனமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரும் மௌனமாக இருக்க வேண்டும். அதுதான் முறை. எனக்கு ஆத்திரம் வந்தது. முறையாவது மண்ணாவது.

ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்து மலாயில் சொன்னேன். “என் சின்னம்மா அங்கே இருந்தார். யாரிடமோ கெஞ்சி வாங்கிய போனில் என்னைக் கூப்பிட்டார். ‘கொம்மாக்கு இழுப்புக் குறைஞ்சுதோ’ என்று என் அம்மாவின் ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்டார். அப்போது பெரிய சத்தம். ‘பொறு பிள்ளை, பொறு’ என்றார். போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆட்கள் கத்துவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. சின்னம்மா திரும்பப் பேசவே இல்லை.”

முன்வரிசை மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் இரக்கத்தோடு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தவர் ஏதோ முணுமுணுத்திருப்பார், நான் சொன்ன ‘நான்’ அவருடையது என்று நினைத்துவிட்டார்கள். அதுவரை அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

எனக்கு வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. சொல்லியும் ஆயிற்று, மாட்டிக்கொள்ளவும் இல்லை. வீடியோவைப் பார்ப்பவருக்கும் நான் மொழிபெயர்ப்பாளர்தான்.

சப்பாத்துக்காரர் உட்காரவில்லை. “முதலில் தானே அங்கே இருந்ததாகச் சொன்னார். இப்போது போனில் கேட்டதாகச் சொல்கிறார். எது பொய்?”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சற்றுமுன் இரங்கிய கண்கள் சுருங்குவதைப் பார்த்தேன். இந்த மாதிரி ஒரே ஒரு முரணில் எத்தனை சாட்சிகள் கவிழ்வதைக் கண்டிருக்கிறேன். அந்த வீடியோ, அகதி அட்டைக்கு நேர்காணல் எடுப்பவர்கள் கையில் கிடைத்தால் அவர் கதை முடிந்தது. அவரோ ஒன்றும் புரியாமல் என் கையைத் தொட்டார்.

“என்ன கேக்கினம் அக்கா? என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?”

அந்தக் குரலில் இருந்த சந்தேகம் எனக்குச் சுருக்கென்றது. இதுவரை நான்தான் மற்றவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

எழுந்து நின்றேன். படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசியைப் பார்த்தே சொன்னேன். “இவர் பொய் சொல்லவில்லை. போனில் கேட்டது நான். அது என்னுடைய சின்னம்மா. நான் கிள்ளானில் பிறந்தவள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர்.” பிறகு என் முழுப் பெயரைச் சொன்னேன். சப்பாத்துக்காரர் இன்னொரு முறை கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் நடந்ததைத் தமிழில் சொன்னபோதுதான் அழுதேன்.

திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். வீடியோ அவரிடம் வந்துவிட்டது. யார் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. தோழரில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரர்வரை எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். “நீங்கள் மொழிபெயர்க்கத்தானே போனீர்கள்? கடைசியில் சொன்னதும் மொழிபெயர்ப்பில் வந்த குழப்பம், அப்படித்தானே?” என்றார் மென்மையாக. உதவுகிறாரா, வலை விரிக்கிறாரா என்று தெரியவில்லை. எதுவானாலும் பதில் ஒன்றுதான்.

“இல்லை, துவான். பேசியது நான்தான்.”

விசாரணை நடக்கிறது. என்னை எந்த வழக்குக்கும் கூப்பிடுவதில்லை. பழைய கோப்புகள் இருக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் தற்காலிகமாக வந்தவர் மொழிபெயர்ப்பது சுவர் தாண்டிக் கேட்கிறது. தப்பாகச் சொல்லும்போது எழுந்துபோய்த் திருத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். வேலை போகுமா, பென்ஷன் என்னவாகும் என்று கணவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

நேற்று அந்தப் பெண் கூப்பிட்டார். நேர்காணல் முடிந்துவிட்டதாம். அந்த வீடியோவை நேர்காணல் எடுத்தவர்களும் பார்த்திருந்தார்களாம்.

“போனில கேட்டது ஆரெண்டு கேட்டவை. நீங்கள் எண்டு சொன்னன்,” என்றார். “நான் சொன்னதை நம்பிட்டினம் அக்கா.”