மேரி அத்தையின் பதக்கம்

இன்று காலை கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தார் ரோட்டில் ஈர்க்குவிளக்குமாறு இழுபடும் சத்தம் கேட்டது. கால் தானாக நின்றுவிட்டது.

இதே ஊரின் மஹய்யாவயில் நாங்கள் இருந்தபோது அப்பா டவுனில் வீதி கூட்டினார். இருபது வருடமாக ஒரு நாளும் லீவு போடாதவர் என்று அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதை மாட்டுவதற்கு அம்மா சுவரில் ஆணி அடித்துக் காத்திருந்தாள். அப்பாவோ வீட்டுக்குள் வராமல் நேரே எதிர்வீட்டு மேரி அத்தையிடம் போனார். அத்தையும் பக்கத்து வீதியைக் கூட்டுகிறவர்தான்.

“இது ஒனக்குத்தான் தங்கச்சி.”

“என்னாண்ணே, ஒரு நாளும் தவறாம வேல செஞ்சது நீங்கதானே?”

“காய்ச்சல்ல பத்து நாள் படுத்துக் கெடந்தேனே. ஓவர்சியர் ஆளப் பாக்கல, ரோட்டத்தான் பாத்தாரு. என் ரோட்டையும் சேத்துக் கூட்டுனது நீ.”

அத்தை கழுத்தை நீட்டினார். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவரைப் பார்த்தேன். சீருடைக்கு மேல் பதக்கம் தொங்க, வீதி கூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அது பித்தானில் பட்டு ‘டிங்’ என்றது.

அம்மா அடித்த ஆணியில் கடைசிவரை எதுவும் தொங்கவில்லை. விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால் மட்டும், அந்த ‘டிங்’குக்காக என் காது இன்னும் காத்து நிற்கிறது.